டபரா டம்ளரிலிருந்து தொடங்கலாம்: டிஜிட்டல் ஓவியம் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

டிஜிட்டலில் வரையப் பழக வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த டேப்லெட் வாங்குவது? எந்த பிரஷ் நல்லது? இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் பழக வேண்டியவை இரண்டு. பேனாவையும் திரையையும் கைக்குப் பழக்குவது ஒன்று. ஒரு பொருளைச் சரியாகப் பார்க்கக் கண்ணைப் பழக்குவது இன்னொன்று. முதலாவது இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். இரண்டாவதற்குத்தான் காலம் பிடிக்கும். பலர் இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்கிறார்கள். டேப்லெட் வந்த அன்றைக்கே ஒரு முகத்தை வரைய உட்கார்ந்து, அது கோணல்மாணலாக வந்ததும், 'நமக்கு வராது' என்று டேப்லெட்டைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அன்று தவறியது கையா, கண்ணா என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அதனால் இங்கே கடைசிவரை ஒரே பொருளைத்தான் வரையப்போகிறோம். எவர்சில்வர் டபரா டம்ளர். வீட்டில் இருக்கிறது, நகராது, தினமும் கையில் பிடித்த பொருள் என்பதால் படத்தில் வடிவம் பிசகினால் உடனே உறுத்தும். வட்டம், சமச்சீர், பளபளப்பு என்று ஓவியத்தின் முக்கியமான பாடங்கள் எல்லாம் அந்தச் சின்னப் பாத்திரத்தில் அடக்கம்.

எதில் வரைவது

கையில் இருக்கும் கைபேசியிலேயே தொடங்கலாம். ஐபிஸ் பெயின்ட் என்ற ஜப்பானியச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் ஒளி ஊடுருவும் தாள்கள்), பிரஷ், கோட்டை நிதானப்படுத்தும் வசதி எல்லாம் அதில் உண்டு. விரலால் வரைவதில் ஒரு குறை: விரல் நுனியே கோட்டை மறைத்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் இதைக் கொஞ்சம் சரிசெய்யும். ஆனால் அது விரலின் வேலையைத்தான் செய்யும். அழுத்தினால் கோடு தடிப்பதும் மெலிதாக வரைந்தால் இளைப்பதும் அதில் கிடைக்காது. வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணினி இருந்தால் திரையில்லாத பேனா டேப்லெட்டே என் முதல் தேர்வு; அதன் பலகைமேல் பேனாவால் வரைந்தால் கோடு கணினித் திரையில் தெரியும். வாகோம், ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களின் சிறிய மாடல்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பேனாவில் பேட்டரி கிடையாது. பலகை உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனாவுக்குச் சக்தி கிடைக்கிறது. பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 4096 உள்ள டேப்லெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தொடக்கநிலையில் யார் கைக்கும் தெரியாது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அளவைப் பாருங்கள். வரையும் பரப்பு 6 அங்குலத்துக்கு 4 அங்குலமாவது இருக்க வேண்டும். மேசையில் இடம் இருந்தால் 10-க்கு 6 இன்னும் வசதி; முழங்கையிலிருந்து கையை வீசி வரையலாம்.

திரையுள்ள டேப்லெட், ஐபேட், எஸ் பென்னோடு வரும் சாம்சங் டேப்லெட் எல்லாம் நல்ல கருவிகள்தான். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தாராளமாக அதில் வரையுங்கள். வரைவதற்காக மட்டும் கடன் வாங்கி வாங்க வேண்டாம். ஆறு மாதம் விடாமல் வரைந்த பிறகு உங்களுக்கு என்ன தேவை என்று உங்களுக்கே தெரியும்.

டேப்லெட்டைப் பொருத்தும்போது

பெட்டியைப் பிரித்ததும் பலர் அவசரத்தில் தாண்டிப்போகும் பகுதி இது. பிறகு வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலில் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து டிரைவரை, அதாவது டேப்லெட்டைக் கணினியோடு இணைத்து வைக்கும் மென்பொருளை, இறக்கிப் பொருத்துங்கள். கணினியில் வேறு டேப்லெட்டின் பழைய டிரைவர் இருந்தால் அதை முழுதாக நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டு டிரைவர்கள் ஒன்றோடொன்று மோதினால் அழுத்தம் வேலை செய்யாது.

அடுத்து, பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான திரைகள் 16-க்கு 9. பலகை வேறு விகிதத்தில் இருந்தால் நீங்கள் வரையும் வட்டம் திரையில் முட்டையாக நீளும். டிரைவர் அமைப்பில் விகிதத்தைத் திரைக்கு ஏற்ப நிறுத்த ஒரு வசதி இருக்கும்; அதைச் செய்துவிட்டு இப்படிச் சோதித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றைத் துடைத்து, பலகையின் மேல் கவிழ்த்து வையுங்கள் (எவர்சில்வர் வேண்டாம்; உலோகம் பலகையின் மின்காந்தப் புலத்தைக் குழப்பலாம்). விளிம்பை ஒட்டி பேனாவால் ஒரு சுற்று சுற்றுங்கள். திரையில் சுத்தமான வட்டம் வந்தால் அமைப்பு சரி. நீள்வட்டமாக வந்தால் திரும்பவும் டிரைவருக்குப் போங்கள். நம் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் கருவியைச் சோதிப்பது நியாயம்.

பலகை திரைக்கு நேராக, சாயாமல் இருக்க வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் கிடைக்கோடு போடும்போதெல்லாம் ஒரு பக்கமாக ஏறும், காரணம் புரியாமல் தவிப்போம். இடது கை விசைப்பலகை மேல் இருக்கட்டும். இடது கைக்காரர்கள் இதை மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் பேனாவை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் ஒரு வளையம் தோன்றி ரைட் கிளிக் ஆகிவிடும். வரையும்போது இது பெரிய இடைஞ்சல், அணைத்துவிடுங்கள்.

அழுத்தத்துக்கும் ஒரு வளைகோட்டு அமைப்பு உண்டு. அழுத்தி எழுதும் பழக்கமுள்ளவர்கள் அதைக் கொஞ்சம் கடினமாக வைத்துக்கொள்ளலாம். மெல்ல எழுதுகிறவர்கள் இளக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு கோட்டைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். தடித்த கோடு வருவதற்காகப் பேனாவைக் குத்தி அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

கிரிட்டாவும் முதல் கேன்வாஸும்

கணினிக்கு நான் பரிந்துரைப்பது கிரிட்டா. கேடிஇ என்ற மென்பொருள் சமூகம் உருவாக்கும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பணம் கட்ட வேண்டியதில்லை, பாதி வசதியைப் பூட்டி வைப்பதும் இல்லை. தினமும் இதைக் கொண்டே பிழைப்பு நடத்தும் ஓவியர்கள் இருக்கிறார்கள். இலவசம் என்பதால் தரம் குறைவாக இருக்குமோ என்ற சந்தேகம் தேவையில்லை.

புதிய கோப்பைத் திறக்கும்போது 2480-க்கு 3508 பிக்சல் என்று கொடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது சரியாக ஏ4 தாள். நிறமுறை ஆர்ஜிபி, 8 பிட். இந்த அளவில் ஒவ்வொரு முழு லேயரும் கிட்டத்தட்ட 35 எம்பி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி என்றால் பாதி அளவில் பழகுங்கள். கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வந்தால் பழகவே முடியாது.

கோப்பு திறந்ததும் முதல் வேலை, கன்ட்ரோல் எஸ். ஒரு கோடுகூட இல்லாத வெறும் தாளைச் சேமிப்பது விநோதமாகத் தெரியலாம். கோப்புக்குப் பெயரும் இடமும் இருந்தால்தான் பிறகு போகிற போக்கில் சேமித்துக்கொண்டே போக முடியும். மின்வெட்டு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கீகளில் இவை போதும். பி என்றால் பிரஷ். இ அழுத்தினால் அதே பிரஷ் அழிப்பானாகும், மறுபடி அழுத்தினால் திரும்பும். சதுர அடைப்புக்குறிகள் பிரஷைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஆக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு இழுத்தால் தாள் நகரும். 4, 6 எண்கள் தாளைச் சுழற்றும், 5 நேராக்கும். எம் தாளைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிக் காட்டும். கன்ட்ரோலை அழுத்தியபடி தொட்டால் அந்த இடத்து நிறம் பிரஷுக்கு வரும்.

பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். கிரிட்டாவைத் திறந்ததும் கிட்டத்தட்ட ஒரு கடையையே விரித்து வைத்ததுபோல் பிரஷ்கள் இருக்கும். முதல் மாதம் இரண்டே இரண்டு: 'பென்சில்-2', 'பேசிக்-5 சைஸ்'. மற்றவற்றைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். கோடு சரியில்லை என்றதும் பிரஷை மாற்றத் தொடங்கினால் கை எந்தப் பிரஷையும் கற்காது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'திடீரென்று பிரஷ் வேலை செய்யவில்லை' என்று தினம் ஒருவராவது கேட்கிறார். காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். இ கீ தெரியாமல் அழுந்தி அழிப்பானாக மாறியிருக்கும். மறைத்து வைத்த லேயரில் வரைந்துகொண்டிருப்பீர்கள். லேயர் பூட்டப்பட்டிருக்கும். அல்லது தாளில் எங்கோ ஒரு சிறு பகுதி தேர்வாகி நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் அழுத்தினால் அது விலகும். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ ஓடுவதற்கு முன் இந்த நான்கையும் பாருங்கள்.

முதல் பத்து நாள்: கைக்கு மட்டும்

திரையில்லாத டேப்லெட்டில் கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில். முதல் நாள் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு அடையாளம் தெரியாது. பயப்பட வேண்டாம். ஓவியர் கோபுலுவுக்கு வலது கை பாதிக்கப்பட்ட பிறகு இடது கையால் வரையப் பழகினார். பல பத்தாண்டு வரைந்து பழுத்த கண் அவரிடம் இருந்தது. கைதான் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. நமக்கும் இந்தப் பத்து நாளில் வேலை அதுதான். எதையும் 'வரைய' வேண்டாம். தினமும் இருபது நிமிடம் கையை ஓட்டினால் போதும்.

முதலில் எழுதுங்கள். திரை முழுக்கப் பெரிதாக இ, ஞ, ழ, ஜ, ஷ என்று எழுதுங்கள். நம் எழுத்துகளில் சுழி, வளைவு, கொம்பு எல்லாம் இருக்கின்றன. ஒரு 'இ' எழுதினால் சின்னச் சுழியும் பெரிய வளைவும் ஒரே இழுப்பில் கைக்குக் கிடைக்கும். சிறுவயதில் பழகிய வடிவங்கள் என்பதால் எங்கே பிசகியது என்று தேட வேண்டியதில்லை, பார்த்ததும் தெரியும். மூன்றாம் நாளில் உங்கள் கையெழுத்து திரும்பி வருவதைக் காண்பீர்கள். எனக்கு இதைவிட உற்சாகம் தந்த பயிற்சி வேறில்லை.

அப்புறம் புள்ளிகள். தாளில் தூரதூரமாக இரண்டு புள்ளி வையுங்கள். பேனாவைப் பலகையில் படாமல் அந்தரத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். கை பாதையைத் தெரிந்துகொண்டதும் ஒரே இழுப்பில் சேர்த்துவிடுங்கள். மெதுவாக இழுத்தால் கோடு நடுங்கும். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டு போதாது, தோளிலிருந்து கை வர வேண்டும்.

புள்ளிகள் கைவந்ததும் கோலத்துக்குப் போங்கள். 5-க்கு 5 புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம். புள்ளியைத் தொடாமல், சம இடைவெளி விட்டு, வளைந்து வளைந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பும் அந்தக் கோட்டைவிட நல்ல பயிற்சியை எந்தப் பாடத்திட்டமும் எனக்குத் தரவில்லை. வாசலில் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பத்து நாள் ஐந்து நாளாகக் குறையும். அவர்கள் கைக்கு ஓட்டம் ஏற்கெனவே தெரியும்.

கோட்டை நிதானப்படுத்தும் வசதி கிரிட்டாவில் பிரஷ் கருவியின் அமைப்பில் இருக்கிறது. பயிற்சியின்போது அதை அடிப்படை நிலையிலேயே வையுங்கள். கூட்டி வைத்தால் கோடு அழகாக வரும், ஆனால் அது மென்பொருள் இழுத்த கோடு. இறுதி வரைவில் வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம்; அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கன்ட்ரோல் இசட்டுக்கும் ஓர் எல்லை வையுங்கள். ஒரு கோட்டுக்கு அதிகபட்சம் மூன்று முறை. நான்காவது கோடு எப்படி வந்தாலும் அதன்மேல் தொடருங்கள். ஒரே கோட்டை நாற்பது தடவை அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை வைத்துக்கொள்வதால் கை கற்றுக்கொள்வது மிகக் குறைவு. கோலமாவில் போடும்போது அந்த வசதி யாருக்கும் இருந்ததில்லை.

டம்ளரின் முன்னால்

இனி கண்ணுக்கு வேலை. டபராவுக்குள் டம்ளரை வைத்து, ஜன்னலோரம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். நீங்கள் சற்று மேலிருந்து பார்க்கும்படி உட்காருங்கள்.

புகைப்படம் எடுத்து அதைப் பார்த்து வரையலாமே என்று தோன்றும். பிறகு எப்போதாவது செய்யலாம், இப்போது வேண்டாம். புகைப்படம் முப்பரிமாணத்தை ஏற்கெனவே தட்டையாக்கிக் கையில் கொடுத்துவிடும். அந்தத் தட்டையாக்கும் வேலையைத்தான் நம் கண் பழக வேண்டும். ஓவியர் சில்பி கோயில் சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்தவர். அந்தக் கோடுகளில் கல்லின் கனம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரு கண்ணை மூடி, கையை நேராக நீட்டி, பேனாவால் அளந்து பாருங்கள். டம்ளரின் வாயகலத்தைப் போல உயரம் எத்தனை மடங்கு? டபராவின் அகலம் டம்ளர் வாயைப் போல எத்தனை மடங்கு? நாம் மனதில் வைத்திருக்கும் டம்ளர் எப்போதும் உண்மையைவிட ஒல்லியாக இருக்கும். அளந்து பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

வெளிர்நீல நிறத்தில் பென்சில் பிரஷை எடுத்துக்கொண்டு ஒரு லேயரில் தொடங்குங்கள். முதலில் நடுவே நேர்கோடு, பாத்திரத்தின் அச்சு. அளந்த விகிதத்தில் மேல், கீழ், இட, வல எல்லைகளைக் குறியுங்கள். பிறகு நீள்வட்டங்கள். இந்தப் பாடத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டம்ளரின் வாய் வட்டம்தான். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரிகிறது. கண் மட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஒடுங்கும். கீழே போகப்போக அகலத் திறக்கும். அதாவது டம்ளரின் வாயைவிட அதன் அடிப்பாகத்தின் வளைவு அதிகம் உருண்டிருக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு, வாயை நன்றாகத் திறந்து வரைந்துவிட்டு அடியை நேர்கோடாக முடிப்பது. மேசையில் இருப்பதால் அடி தட்டையாக இருக்கும் என்று மூளை சொல்கிறது. மூளை சொல்வதை விடுங்கள், கண் சொல்வதைப் போடுங்கள். இன்னொரு தவறு, நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் மீனின் வாலைப்போல் கூராக்குவது. எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் வளைந்தே திரும்பும், கூர்முனை வராது.

நம் டம்ளர் டபராவுக்குள் நிற்பதால் அதன் அடி மறைந்திருக்கும். மறைந்ததையும் வரையுங்கள். கண்ணாடியால் செய்ததுபோல் டபராவை ஊடுருவிப் பார்த்து, டம்ளரின் அடி எங்கே உட்காருகிறது என்று நீள்வட்டம் போட்டுவிட்டு, பிறகு டபராவைப் போடுங்கள். இல்லாவிட்டால் டம்ளர் டபராவின் தரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும், அல்லது அந்தரத்தில் மிதக்கும். டம்ளரின் வெளியே மடிந்த விளிம்புக்கும் ஒரு தடிமன் உண்டு. ஒற்றைக் கோட்டில் முடிக்காமல் ஒன்றையொட்டி இன்னொரு நீள்வட்டம் போடுங்கள்.

இப்போது எம் கீயை அழுத்துங்கள். படம் இடவலமாகத் திரும்பும். இதுவரை கண்ணுக்குத் தெரியாத சாய்வெல்லாம் பளிச்சென்று தெரியும். டம்ளர் ஒரு பக்கம் சரிந்து நிற்கலாம், டபராவின் ஒரு பக்கம் வீங்கியிருக்கலாம். திரும்பிய நிலையிலேயே திருத்திவிட்டு மறுபடி எம். காகிதத்தில் வரைகிறவர்கள் கண்ணாடி முன் படத்தைப் பிடித்துப் பார்த்துச் செய்ததை இங்கே ஒரு விரல் செய்கிறது. டிஜிட்டலின் வசதிகளில் நான் மனதார நன்றி சொல்வது இதற்குத்தான்.

வரையும்போது முழுப் பாத்திரமும் திரையில் தெரியட்டும். பெரிதாக்கிப் பெரிதாக்கி விளிம்பின் ஒரு சின்ன இடத்தில் அரை மணி நேரம் செலவழித்தால், விலகிப் பார்க்கும்போது அந்த விளிம்பே தப்பான இடத்தில் இருக்கும்.

வரைவு திருப்தியானதும் அந்த லேயரின் ஒளிபுகாத் தன்மையை (ஒபாசிட்டி) 30 சதவீதத்துக்குக் குறைத்து, மேலே புது லேயர் போட்டு, கருப்பில் சுத்தமான கோடுகள் இழுங்கள். லேயர்களுக்குப் பெயர் வையுங்கள். 'லேயர் 14' எது என்று தேடுவதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

வெளிச்சமும் இருட்டும்

நிறத்துக்குப் போகாதீர்கள். முதலில் சாம்பல் மட்டும். கோட்டு லேயருக்குக் கீழே ஒரு லேயரில் பாத்திரத்தின் முழு உருவத்தையும் நடுத்தரச் சாம்பலால் நிரப்புங்கள். பின்னணிக்கும் ஒரு சாம்பல் கொடுங்கள். வெள்ளைத் தாளின் மேல் எதைப் பூசினாலும் இருட்டாகத்தான் தெரியும், கண் ஏமாறும்.

நிழலும் ஒளியும் உருவத்துக்கு வெளியே வழியாமல் இருக்க, அவற்றை மேலே தனி லேயரில் வைத்து உருவத்தோடு கட்டிவிடலாம். ஐபிஸ் பெயின்ட்டில் கிளிப்பிங் என்று ஒரு பொத்தான். கீழே உள்ள லேயரோடு ஒட்டிக்கொள்ளும். கிரிட்டாவில் கொஞ்சம் வேறு மாதிரி. ஆல்ஃபா அடையாளமிட்ட பொத்தான் கீழே உள்ள எல்லா லேயரையும் சேர்த்தே பார்க்கும், பின்னணியையும்கூட. அதனால் பின்னணி முழுதாக நிரம்பியிருந்தால் அது வேலை செய்யாததுபோல் தெரியும். உருவ லேயரில் நின்றுகொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி அழுத்துங்கள். தனிக் குழு உருவாகி, அதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிடும். இது தெரியாமல் கிரிட்டாவை விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

இனி டம்ளரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். விவரங்கள் மறைந்து சில பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும். ஐந்து சாம்பல்களை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தத் திட்டுகளை பேசிக்-5 பிரஷால், முழு அடர்த்தியில், ஓரம் கலைக்காமல் வையுங்கள்.

எவர்சில்வரின் ரகசியம் இதுதான். மண்பானையில் வெளிச்சம் மெல்ல மெல்ல இருளாகும். பளபளக்கும் உலோகத்தில் அப்படி இல்லை. மிக இருண்ட பட்டைக்குப் பக்கத்திலேயே மிகப் பிரகாசமான பட்டை, நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஓரம். ஏனென்றால் நாம் பார்ப்பது உலோகத்தில் தெரியும் ஜன்னலை, கதவை, நம் சட்டையை. வளைந்த பரப்பு என்பதால் அவையெல்லாம் மேலிருந்து கீழாக நீண்ட பட்டைகளாக இழுபடுகின்றன. டபராவின் உள்சுவரில் டம்ளரின் பிம்பமும் நெளிந்து தெரியும். தொடக்கத்தில் பலர் மென்மையான ஏர்பிரஷால் வெள்ளையிலிருந்து கருப்பு வரை அழகாகக் கலைத்துவிடுவார்கள். முடிவில் அது சிமென்ட் குழாயாகிவிடும். ஓரங்களைக் கூராக வைத்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் சாம்பல் திட்டுகள் எவர்சில்வராக மினுங்கும். அந்தக் கணத்துக்காகத்தான் இந்தப் பொருளையே தேர்ந்தெடுத்தேன்.

மிகப் பிரகாசமான வெள்ளைப் புள்ளிகளைக் கடைசியாக, சிக்கனமாக வையுங்கள். விளிம்பில் இரண்டு, டபராவின் ஓரத்தில் ஒன்று. எல்லா இடமும் பளபளத்தால் எதுவும் பளபளக்காது.

நிறம்

எவர்சில்வருக்கென்று பெரிதாகச் சொந்த நிறம் இல்லை, அக்கம்பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் வைத்தால் டபராவின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவந்திருக்கும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நடுவே ஒரு நீலப் பட்டை ஓடும். சாம்பல் படத்தின் மேல் புது லேயர் போட்டு, கலக்கும் முறையை 'கலர்' என்று மாற்றி, நேரில் தெரியும் நிறங்களைத் தடவுங்கள். கீழே உள்ள வெளிச்ச இருட்டு அப்படியே இருக்க, நிறம் மட்டும் ஏறும்.

நேரடியாக நிறத்தில் வரையத் தொடங்கிய பிறகும் இதே முறையைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்பு லேயரை 'கலர்' முறையில் வைத்தால் படம் சாம்பலாகத் தெரியும். வெளிச்ச இருட்டு குழம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த லேயரை மறைத்துவிடுங்கள்.

தரையில் விழும் நிழலுக்குக் கருப்பைக் கலக்காதீர்கள், அழுக்காகிவிடும். கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு லேயர், அதில் ஊதா கலந்த சாம்பல். சிவப்புத் தரை நிழலில் ஆழ்ந்த சிவப்பாக மாறும்.

முகங்களுக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள ஒன்று. தோல் நிறம் என்ற பெயரில் ஆயத்தமாகக் கிடைக்கும் நிறத்தட்டுகள் பல இளஞ்சிவப்புத் தோலை வைத்தே செய்தவை. அதை எடுத்துக் கொஞ்சம் இருட்டாக்கினால் நம் பாட்டியின் முகம் வராது, சாம்பல் படிந்த முகம்தான் வரும். நிறவட்டத்தில் ஆரஞ்சுப் பகுதியிலிருந்து தொடங்கி, நடுத்தர இருட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் கையைப் பார்த்தே நிறத்தைத் தேடுங்கள். நிழலில் சிவப்பு கூடுவதும், வானத்தைப் பார்க்கும் பக்கத்தில் கன்னமேட்டில் மெல்லிய நீலம் மினுங்குவதும் தெரியும். கருத்த தோலில் ஒளி விழும் விதம் அவ்வளவு அழகு. அதைக் கற்காமல் தப்பித்துப்போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேமிப்பதும் அச்சிடுவதும்

கிரிட்டாவின் சொந்த வடிவம் கேஆர்ஏ. லேயர்கள் அதில்தான் உயிரோடு இருக்கும். மற்றவர்களுக்கு அனுப்ப பிஎன்ஜி எடுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தரத்தை இழக்கும். வேலை முடிந்த நாளில் கேஆர்ஏ கோப்பின் ஒரு பிரதியை வேறொரு இடத்தில் போட்டு வையுங்கள்.

அளவு பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சித்தி வீட்டு விசேஷத்துக்காக ஒரு படத்தை 1080-க்கு 1080 பிக்சலில் வரைந்தேன். கைபேசித் திரையில் அருமையாக இருந்தது. அதை 12 அங்குல அகலத்தில் அச்சிட்டு மாட்டலாம் என்றார்கள். 12 அங்குலத்துக்கு 1080 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு வெறும் 90. ஓரமெல்லாம் படிக்கட்டுபோல் உடைந்து வந்தது. 300 கணக்கில் அந்தப் படத்துக்குத் தகுந்த அளவு மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நான்கு நாள் வேலையைத் திரும்ப வரைந்தேன். வரைந்து முடித்த பிறகு பிக்சலைக் கூட்டுவதால் இல்லாத விவரம் வந்துவிடாது. எங்கே போகப்போகிறது என்று தெரியாத படத்தை ஏ4 அளவிலேயே தொடங்கிவிடுங்கள்.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும், இருட்டுப் பகுதிகள் இன்னும் இருளும். முழுப் பிரதிகள் எடுப்பதற்கு முன் ஒரு சின்ன மாதிரி அச்சிட்டுப் பாருங்கள்.

இதற்குப் பிறகு

ஒரே டம்ளரை மூன்று முறையாவது வரையுங்கள்: காலை வெளிச்சத்தில், டியூப் லைட்டில், டபராவை விட்டுத் தனியாகக் கவிழ்த்து வைத்து. ஒவ்வொரு கோப்புக்கும் தேதியைப் பெயராக வையுங்கள். மூன்றாவதை முடித்துவிட்டு முதலாவதைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எந்த நீள்வட்டம் அப்போது தப்பாக இருந்தது என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். அதன் பிறகு பித்தளைச் சொம்பு, வாழைப்பழச் சீப்பு, மடித்துப் போட்ட துண்டு என்று போகலாம். பிடித்த ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைந்து பழகுவதும் நல்லதுதான். யாரிடம் போட்டாலும், யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது என்று சொல்லிவிடுங்கள்.

கை பழகி, கண்ணும் கொஞ்சம் திறந்திருக்கும் அந்த நேரத்தில் ஒரு பரீட்சை. நுரை பொங்க ஆற்றிய ஃபில்டர் காபியை அந்த டம்ளரில் ஊற்றி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். நுரை சில நிமிடங்களுக்குத்தான் நிற்கும். லேயர் ஒன்று, பிரஷ் ஒன்று, கன்ட்ரோல் இசட் கிடையாது. நுரை அடங்குவதற்குள் டம்ளர், டபரா, விளிம்போரம் இருண்ட காபி, குமிழிகளின் மேல் ஜன்னல் வெளிச்சம் எல்லாம் தாளில் வந்துவிட வேண்டும். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.